எந்தப் பெற்றோரின் உரிமை?

"பெற்ற பிள்ளையின்மீது பெற்றவர்களுக்கு இல்லாத உரிமை வேறு எவருக்கு உண்டு?" என்று ஒருவர் மேடையேறிக் கேட்பாரானால், எதிர்த்துப் பேச எவருக்குத் துணிவு வரும்? கேட்பவரின் கட்சி எதுவாயினும் ஆகுக. கேள்வி நெஞ்சைத் தொடுகிறது. தாய்மார் தலையசைப்பர், தகப்பன்மார் கைதட்டுவர். எதிர்க் கட்சிப் பேச்சாளரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆனாலும்..." என்று தொடங்குவார். அந்த 'ஆனாலும்' வாயினின்று வெளிப்பட்ட அப்பொழுதே பாதி வாக்குகள் பறந்துவிடும்!

அமெரிக்க நாட்டின் மாநிலச் சட்டமன்றத் தேர்தல்களிலே, குடியரசுக் கட்சியின் பழமை விரும்பிகள் 2021-ஆம் ஆண்டு தொட்டு ஓங்கிப் பிடித்துவரும் படைக்கலன் இந்தக் கேள்விதான். வாஷிங்டனுக்குப் போகிறவர்களைவிடச் சட்டமன்றத்துக்குப் போகிறவர்கள் இதை உரக்கப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்நாட்டு அரசியல் சட்டத்திலே கல்வி என்ற சொல்லே இடம்பெறவில்லை. பள்ளியும் பாடமும் மாநிலங்களின் பொறுப்பு. ஆகவே வகுப்பறைக் கதவின் சாவி சட்டமன்ற உறுப்பினரிடம்தான் இருக்கிறது.

அந்த வேட்பாளர் சொல்வதென்ன? குறைக்காமல், திரிக்காமல், அவர் தரப்பில் நின்றே முதலில் கேட்போம். பிள்ளையை வளர்ப்பவர் பெற்றோர்; சம்பளத்துக்கு வருபவர் ஆசிரியர்; ஆகவே என்ன பாடம், எந்த நூல் என்பதைப் பெற்றோர் அறிந்திட வேண்டும் என்கிறார். எங்கள் சமயத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஒவ்வாத பாடமானால் பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை வேண்டும் என்கிறார். அதற்கும் மேலே ஒரு படி ஏறி, அரசுப் பள்ளியே பிடிக்கவில்லையென்றால் எங்கள் வரிப்பணம் எங்கள் பிள்ளையின் பின்னோடு தனியார் பள்ளிக்கு வரட்டும் என்கிறார்.

தோழர்களே, முதற் கோரிக்கையிலே என்ன குற்றம் கண்டுவிட முடியும்? பாடநூலைக் காட்டு என்று கேட்கும் தாய் கொள்ளைக்காரியா? இரண்டாவது கோரிக்கையும் எடுத்த எடுப்பிலே எள்ளி நகையாடத்தக்கதன்று. ஆனால் முற்போக்காளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் அந்நாட்டிலே செய்தது என்ன? எள்ளி நகையாடினார்கள். அதன் விலையையும் கொடுத்தார்கள்.

வர்ஜீனியா மாநிலத்தில் 2021-ல் நடந்ததை நினைவூட்டுகிறேன். ஜனநாயகக் கட்சியின் சார்பிலே ஆளுநர் பதவிக்கு நின்றவர் டெர்ரி மெக்காலிஃப். முன்னமே ஒருமுறை அப் பதவியை வகித்தவர். வெளிப்படையான பாலுறவுக் காட்சிகள் கொண்ட நூல்களைப் பாடமாக வைக்கும்பொழுது பெற்றோருக்கு அறிவிக்கவேண்டும் என்று வந்த மசோதாவைத் தம் ஆட்சிக் காலத்திலே தடுத்து நிறுத்தியவர். அவ்வாண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் விவாத மேடையிலே, எதிர் வேட்பாளர் க்ளென் யங்கின் இதைக் குத்திக்காட்டியபோது, பள்ளிகள் என்ன கற்பிக்கவேண்டும் என்று பெற்றோர் சொல்லக்கூடாது என்ற பொருள்படப் பேசிவிட்டார். போதாதா! கொள்ளை நோய்க் காலத்திலே பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்து, திரைக்கு முன்னே பிள்ளையோடு தாயும் உட்கார்ந்து பாடம் கேட்ட நேரம் அது. 'நீ பேசாதே' என்று அவளை நோக்கி ஒருவர் சொன்னால் வாக்கு எப்படி விழும்? அந்த ஒரு வாசகம் விளம்பரமாயிற்று, முழக்கமாயிற்று, நவம்பரிலே மெக்காலிஃப் வீழ்ந்தார். அதே நாளிலே 100 இடங்கள் கொண்ட சட்டமன்றக் கீழவையில் 52 இடங்களைக் குடியரசுக் கட்சி பிடித்தது. மெக்காலிஃப் தோற்றதற்குக் காரணம் அது ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஆனால் எதிரி வீசிய வலையிலே தாமே போய் விழுந்தார் என்பதை மறுப்பதற்கில்லை.

அவருக்கு ஒரு வரலாறு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்நாட்டிலே பெற்றோர் உரிமை என்ற சொல் முதன்முதலாக உச்ச நீதிமன்றத்திலே வெற்றி கண்டது பழமைவாதியின் மேடையிலிருந்து அன்று; சிறுபான்மையினரின் கண்ணீரிலிருந்து.

முதல் உலகப் போர் முடிந்து, ஜெர்மானியர்மீது மூண்ட வெறுப்புத் தணியாதிருந்த நேரம். நெப்ராஸ்கா மாநிலம் 1919-ல் ஒரு சட்டம் இயற்றிற்று. அரசுப் பள்ளியாயினும் மாதா கோவில் பள்ளியாயினும் ஆங்கிலம் தவிர்த்த வேறு மொழியிலே பாடம் நடத்தக்கூடாது. எட்டாம் வகுப்புத் தேறும்வரை பிள்ளைக்கு அயல்மொழி சொல்லிக்கொடுக்கவும் கூடாது! அந்நாட்டு மண்ணை உழுது, அந்நாட்டுக்கு வரி கட்டி, வீட்டிலே ஜெர்மன் பேசி வாழ்ந்த உழவர்கள் அம் மாநிலத்திலே ஏராளம். ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர், லூத்தரன் திருச்சபைப் பள்ளி ஒன்றிலே, பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஜெர்மன் மொழியில் விவிலியக் கதை படிக்கக் கற்றுக்கொடுத்தார், 1920 மே மாதத்திலே. குற்றம்! அபராதம் 25 டாலர்!

தாய் பேசும் மொழியிலே தன் பிள்ளை படிக்கவேண்டும் என்பதற்கு 25 டாலர். மொழியின் பொருட்டுச் சிறைக் கோட்டம் புகுந்தவர்களை வீட்டுக்கு வீடு அறிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

நெப்ராஸ்காவின் உயர்ந்த நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. மேயர் விடவில்லை. 1923 ஜூன் 4-ஆம் நாள், வாஷிங்டனிலுள்ள உச்ச நீதிமன்றம் ஏழு பேருக்கு இருவர் என்ற கணக்கிலே அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கிற்று. கற்பிக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு. பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்று தேர்ந்திடும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்றது. இதிலே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பெழுதிய மக்ரெனால்ட்ஸ், யூத வெறுப்புக்குப் பேர்போனவர், பிற்போக்கிலே ஊறியவர். எதிர்த்து வாக்களித்த இருவரில் ஒருவர், முற்போக்காளர்கள் இன்றளவும் போற்றுகின்ற ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்! நல்லவர்கள் எல்லாம் ஒரு வரிசையிலும் மற்றவர்கள் எல்லாம் எதிர் வரிசையிலும் நின்று வரலாறு நடத்துவதில்லை.

அடுத்து ஆரிகன். 1922-ல் அம் மாநில மக்கள் வாக்கெடுப்பிலே நிறைவேற்றிய சட்டம், எட்டு முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள் அரசுப் பள்ளியிலேதான் படித்தாக வேண்டும் என்றது. சமத்துவச் சட்டம் போலத் தோன்றுகிறதல்லவா? பின்னால் நின்று தூண்டியவர்களிலே முகமூடி தரித்த கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தாரும் உண்டு. அவர்களுடைய குறி கத்தோலிக்கப் பள்ளிகள். கன்னியர் சங்கமொன்று வழக்குத் தொடுத்தது. 1925 ஜூன் முதல் நாள், பிள்ளை அரசின் படைப்பன்று என்று கூறி, ஒருமித்த குரலிலே நீதிமன்றம் அந்தச் சட்டத்தையும் வீழ்த்திற்று.

இவை இரண்டும் கேடயங்கள். பெரும்பான்மையின் வாளைத் தடுத்த கேடயங்கள். ஜெர்மானிய உழவன் தன் அயலானை நோக்கி, "உன் பிள்ளையும் ஜெர்மன் படிக்கட்டும்" என்றானா? இல்லை. கன்னியர் கருவூலத்திலே கைவைத்தார்களா? இல்லை. "எங்களை விட்டுவிடுங்கள்" என்றார்கள். அவ்வளவே.

கேடயத்தை உருக்கி வாளாக்கிய கதையும் உண்டு. அதுவும் அதே வர்ஜீனியாவிலே!

பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம். கறுப்பினப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளியிலே இடம் போதாமல், தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகளிலே வகுப்பு நடந்தது. 1951 ஏப்ரலிலே பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி, தோழர் தோழியரைத் திரட்டிப் பள்ளியை விட்டு வெளியேறினாள். அந்த வேலைநிறுத்தத்திலே பிறந்த வழக்கு, நிறத்தால் பிள்ளைகளைப் பிரிக்கும் பள்ளிகள் செல்லா என்று 1954 மே 17-ல் வந்த புகழ்பெற்ற தீர்ப்போடு இணைந்தது. வெள்ளையர் ஆட்சி என்ன செய்தது? வெள்ளைப் பிள்ளையையும் கறுப்புப் பிள்ளையையும் ஒரே பலகையில் அமர்த்துவதைவிடப் பலகையையே உடைத்துவிடலாம் என்று துணிந்தது! 1959-ல் பள்ளிகளுக்கு வரி விதிக்க மறுத்து, மாவட்டத்தின் அரசுப் பள்ளிகள் அத்தனைக்கும் பூட்டுப் போட்டது. ஒரு நாளல்ல, ஒரு மாதமல்ல, ஐந்தாண்டுகள்!

வெள்ளைப் பிள்ளைகளுக்கோ தனியார் பள்ளி தயாராக இருந்தது. அங்கே கட்டணம் செலுத்த மாநிலம் உதவித்தொகை தந்தது. மாவட்டம் வரிச்சலுகை தந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? தேர்ந்தெடுக்கும் சுதந்திரம்! பெற்றோர் தம் விருப்பப்படி பள்ளியைத் தேர்ந்துகொள்கிறார்களாம். ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகள் தெருவிலே நின்றார்கள். சிலரை அயலூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலர் கோவில் கீழ்த்தளத்திலே எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். பலருக்குப் படிப்பு அத்துடன் முடிந்தது. 1964-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே பள்ளிகள் திறந்தன. ஆறு வயதிலே பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளைக்கு அப்போது வயது பதினொன்று.

அந்தப் பிள்ளைகளுக்கும் தாய் தந்தையர் இருந்தார்கள். அவர்களும் பெற்றோர்தாம். அவர்களுடைய தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எங்கே போயிற்று?

இன்று பெற்றோர் உரிமை பேசும் வேட்பாளர் ஒவ்வொருவரும் அந்த வெறியர்களின் வாரிசு என்று முழங்கிடச் சிலருக்கு ஆசை. முழங்கக்கூடாது, அது மெய்யன்று. விஸ்கான்சின் சட்டமன்றத்திலே 1990-ல், மில்வாக்கி நகரத்து ஏழைப் பிள்ளைகள் அரசுப் பணத்தில் தனியார் பள்ளியிலே படிக்கும் திட்டத்துக்காகப் போராடி வென்றவர் பாலி வில்லியம்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, ஜனநாயகக் கட்சிக்காரர். நகரத்துப் பள்ளிகள் தம் மக்களைக் கைவிட்டுவிட்டன என்று மனம் நொந்து அவ்வழி சென்றார். குடியரசுக் கட்சியினரோடு கைகோத்தார். பின்னர் வருமான வரம்பை நீக்கி, வசதியுள்ளோருக்கும் அத் திட்டத்தைத் திறந்துவிட முனைந்தபோது எதிர்த்து நின்றவரும் அவரேதான். ஏழைக்கென்று வெட்டிய வாய்க்காலிலே எவன் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது என்பதை அந்த அம்மையார் கண்டுகொண்டார்.

அவர் கண்டது டெக்சாஸில் பெருவெள்ளமாயிற்று. அங்கே 2023 நவம்பரிலே, தனியார் பள்ளிக்குப் பொதுப்பணம் தரும் பகுதியை மசோதாவிலிருந்து கீழவை நீக்கிற்று. நீக்குவதற்கு 84 பேர், எதிராக 63 பேர். அந்த 84 பேரிலே 21 பேர் குடியரசுக் கட்சியினர்! பலர் நாட்டுப்புறத் தொகுதிக்காரர்கள். அத்தகைய ஊர்களிலே தனியார் பள்ளியைத் தேடினாலும் கிடைக்காது. அரசுப் பள்ளிதான் படிப்புத் தரும் இடம், வேலை தரும் இடம், வெள்ளிக்கிழமை இரவிலே ஊர் முழுவதும் கூடிப் பந்தாட்டம் பார்க்கும் இடம். அதைக் காப்பது அவர்களுக்கு முற்போக்கன்று, ஊர்ப்பற்று. அவர்களைத் தண்டிக்க ஆளுநர் கிரெக் ஆபட் புறப்பட்டார். பென்சில்வேனியா மாநிலத்துப் பெருஞ்செல்வர் ஜெப் யாஸ், ஆளுநரின் தேர்தல் நிதிக்கு 60 இலட்சம் டாலர் அள்ளித் தந்தார். 2024-ல் கட்சியின் உட்தேர்தலிலே அந்தப் பழைய உறுப்பினர்களிலே பலர் தோற்கடிக்கப்பட்டனர். 2025 மே மாதம் 3-ஆம் நாள் சட்டம் கையெழுத்தாயிற்று. நூறு கோடி டாலர் ஒதுக்கீடு.

டெக்சாஸ் நாட்டுப்புறத் தாய் தன் பிள்ளைக்கு எது நல்லதென்று அறிவாளாம். அவள் தேர்ந்த உறுப்பினர் அறியமாட்டாராம். பென்சில்வேனியாச் செல்வர் அறிவாராம்! அதுவும் போகட்டும். பணம் பிள்ளையின் பின்னோடு போகிறது, சரி. பள்ளி பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் உண்டா? கிடையாது. தனியார் பள்ளி விரும்பினால் சேர்க்கும். விரும்பாவிட்டால் கதவைச் சாத்தும். தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் யாருக்கு என்பதை நீங்களே சொல்லுங்கள்.

ஃபிளாரிடாவின் கதை இன்னும் சுவையானது. 2022-ல் அங்கே 'கல்வியில் பெற்றோர் உரிமைச் சட்டம்' என்ற பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. மூன்றாம் வகுப்பு வரை பாலீர்ப்பு, பாலின அடையாளம் பற்றி வகுப்பறையிலே கற்பிக்கலாகாது என்றது. மறு ஆண்டிலே அத் தடை மேல் வகுப்புகளுக்கும் ஏறிற்று. பள்ளி நூலகத்து நூலொன்றில் பாலுறவுச் செய்தி இருப்பதாக எவரேனும் ஆட்சேபித்தால், ஐந்து பள்ளி நாட்களுக்குள் அதை அலமாரியினின்று எடுத்துவிட வேண்டும், விசாரணை பிறகு என்று 2023-ல் இன்னொரு சட்டம். ஆட்சேபணைகள் குவிந்தன. குவித்தவர்கள் யார்? பெற்றோரா? 2024-ல் அந்த அரசே, அதே ஆளுநரின் கையெழுத்தோடு, ஒரு திருத்தத்தைக் கொண்டுவர நேர்ந்தது: அம் மாவட்டத்துப் பள்ளியிலே படிக்கும் பிள்ளை இல்லாதவர், மாதத்துக்கு ஒரு நூலுக்கு மேல் ஆட்சேபிக்கக்கூடாது! பெற்றோர் உரிமை என்று சட்டம் செய்தவர்கள், பெற்றோரல்லாதார் தொல்லை தாங்காமல் வேலி போட்ட விந்தையைப் பார்த்தீர்களா? தன் மகள் ஒரு நூலைப் படிக்கவேண்டாம் என்பது தாயின் உரிமை. ஊரிலுள்ள மகள்கள் எவருமே படிக்கக்கூடாது என்பது எந்தத் தாயின் உரிமை?

ஆனால் எல்லா வழக்கும் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. மேரிலாந்து மாநிலத்து மான்ட்கோமரி மாவட்டத்திலே, ஒருபாலீர்ப்புடையோரும் திருநரும் வரும் கதை நூல்களைத் தொடக்கப் பள்ளிக்குள் 2022-ல் கொண்டுவந்தனர். விரும்பாத பெற்றோர் அந்த நேரத்தில் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என்று முதலிலே இசைந்த பள்ளி வாரியம், 2023 மார்ச்சில் அந்த இசைவைத் திரும்பப் பெற்றது. முஸ்லிம்களும் கிறித்தவர்களும் சேர்ந்து வழக்காடினர். 2025 ஜூன் 27-ல், ஆறுக்கு மூன்று என்ற கணக்கிலே, உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது.

முற்போக்கு ஏடுகள் இதைக் கண்டித்து எழுதின. அதில் எனக்கு முழு உடன்பாடில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். நூலை எரி என்று அந்த முஸ்லிம் தகப்பன் கேட்கவில்லை; அலமாரியினின்று எடு என்றும் கேட்கவில்லை. என் பிள்ளையை அந்த அரைமணி நேரம் வெளியே விடு என்றான். அவன் நிற்கும் இடம் ஃபிளாரிடாவுக்கு அருகிலன்று; 1920-ஆம் ஆண்டு நெப்ராஸ்காவுக்கு அருகில். சிறுபான்மையின் மனச்சான்றைக் காப்போம் என்று பேசிவிட்டு, அச் சிறுபான்மை நமக்கு ஒவ்வாத ஒன்றை நம்பும்பொழுது முகத்தைத் திருப்பிக்கொள்வது நேர்மையாகாது. அதே மூச்சிலே அவனிடம் ஒன்று கேட்பேன். உன் மகனுக்குப் பக்கத்து இருக்கையிலே அமர்ந்திருக்கும் சிறுமியை இரண்டு தாய்மார் வளர்க்கிறார்கள். அவர்களும் பெற்றோர். தங்கள் வீடு போன்ற ஒரு வீடு கதையிலே வருவதைத் தங்கள் பிள்ளை கேட்கட்டும் என்பது அவர்கள் விருப்பம். நீ எழுந்து போகலாம். அந்தக் கதையே நின்றுபோகவேண்டும் என்று நாளை நீ கேட்பாயா? நீதிமன்றத்தில் மாறுபட்டு எழுதிய மூவரும் அஞ்சியது அதைத்தான்: பாடத்துக்குப் பாடம் விலக்கு என்றானால், வகுப்பு நடத்துவதைவிடக் கதையைக் கைவிடுவதே எளிது என்று பள்ளிகள் ஒதுங்கிவிடும் என்று. அவ்வச்சம் வீணென்று தள்ளுவதற்கில்லை.

இத்தனை பேர் பேசினார்கள்; பேசாதவன் ஒருவன் இருக்கிறான். பிள்ளை! ஆமிஷ் என்ற எளிய வாழ்வினர், எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று விஸ்கான்சினிலே வழக்காடி 1972-ல் வென்றபோது, வில்லியம் டக்ளஸ் என்ற நீதிபதி மட்டும் தனித்து நின்று வினவினார்: பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வாய் இருக்கிறதே, மேலே படிக்க விருப்பமா என்று அவனை எவரேனும் கேட்டீர்களா? இசை வல்லுநனாகவோ விண்வெளி வீரனாகவோ ஆக அவன் கனவு கண்டிருந்தால்? அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. வேட்பாளர்களின் துண்டறிக்கைகளிலே இன்றும் பெற்றோருக்கு ஒரு பக்கம், வரிப்பணத்துக்கு ஒரு பக்கம். பிள்ளைக்கு ஒரு படம் மட்டும்.

ஆகவே, தோழர்களே, இந்த முழக்கத்தோடு வருபவரை 'ஆனாலும்' என்று தொடங்கி எதிர்கொள்ளாதீர்கள். "ஆம், பெற்றோர் உரிமை வேண்டும்" என்றே தொடங்குங்கள். தொடங்கிவிட்டுக் கேளுங்கள்: உம் பிள்ளைக்கா, என் பிள்ளைக்குமா? விலகும் உரிமையா, விலக்கும் உரிமையா? பணம் யாருடையது, கதவு யார் கையில்? இப்படிக் கேட்கத் தெரிந்த மக்கள் அமெரிக்காவிலேயே இருக்கிறார்கள். 2024 நவம்பர் 5-ஆம் நாள், குடியரசுத் தலைவர் தேர்தலோடு சேர்த்து மூன்று மாநிலங்களிலே இது மக்கள் வாக்குக்கு விடப்பட்டது. கொலராடோ மறுத்தது. மேயருக்கு 25 டாலர் அபராதம் விதித்த அதே நெப்ராஸ்கா, தனியார் பள்ளிக்குப் பொதுப்பணம் தந்த சட்டத்தை ஒழித்தது. கென்டக்கியிலே அரசுப் பள்ளிக்கு வெளியே பணம் செல்ல வழிதிறக்கும் திருத்தம் 120 மாவட்டங்களிலே ஒன்றில்கூட வெல்லவில்லை. நெப்ராஸ்காவும் கென்டக்கியும் அதே வாக்குச்சீட்டிலே டொனால்ட் டிரம்புக்கு வெற்றி தந்த மாநிலங்கள்.